கண்ணகி நகர் ஞாயிறுகள்

ஜூன் 19, 2022

கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இன்றுதான் முதல் நாள். சென்னை துரைப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பான கண்ணகி நகருக்கு வண்டியில் பத்து நிமிடம்தான். ஆறு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. கிளம்பும்போது வளையலைக் கழற்றி வைத்தேன், பர்ஸை எடுத்துக்கொள்ளவில்லை. நாட்குறிப்பில் பொய் எழுத வேண்டாம். திருட்டுப் பயம்தான்.

பன்னிரண்டு பிள்ளைகள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'மரம்' படிக்கிறான், 'வெள்ளம்' வந்தால் நின்றுவிடுகிறான். ஒற்றைக் கொம்பு பிடிபடவில்லை. வீட்டில் யாரும் கவனிப்பதில்லை போல என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

ஜூலை 3

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரைக்கும் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. மூன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுமாம். என் அக்கா மகனுக்கும் அதே வயசு. அவனுக்குத் தனி டேப், தனி டியூஷன். அவன் பிசகினால் "பாவம், கொரோனா" என்றோம். இவன் பிசகினால் பெற்றோர் மேல் பழி போட்டேன்.

ஜூலை 24

இன்று ஒரு தப்பு செய்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தம்பியைப் பார்த்து, "அப்பால குந்துடா" என்றாள். "அப்படிப் பேசாதம்மா, நல்ல தமிழ்ல பேசு" என்றேன். அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் அப்பாயி, "திண்ணையில குந்து, வரேன்" என்றுதான் சொல்லும். அப்பாயி வாயிலிருந்து வந்தபோது அது பாசம். அப்பால் என்பது பழைய பாட்டிலெல்லாம் வருகிற சொல். காலைச் சாப்பாட்டை இங்கே நாஷ்டா என்றால் உருது என்று முகம் சுளிக்கிறேன், தயார், வசூல் என்று நாள் முழுக்கச் சொல்கிறேனே, அவையும் அந்த வழியாக வந்தவைதான். சொல்லில் ஒரு கோளாறும் இல்லை. அதைச் சொல்கிறவர்கள் எந்த ஏரியா என்பதுதான் என் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஜூலை 31

கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 21

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவை இன்று பார்த்தேன். சுவரில் பெரிய ஓவியம் வரைந்த பிளாக்குக்குப் பின்னால் வீடு. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே அறையில். டீ கொடுத்தார். முன்பு நுங்கம்பாக்கத்தில் கூவம் ஓரம் குடிசையாம். 2000-க்குப் பிறகு இப்படி நகரத்துக்குள்ளிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள்தான் இங்கே பெரும்பாலோர். வீட்டு வேலைக்கு இன்னமும் நுங்கம்பாக்கத்துக்கே போகிறார், இருபது கிலோமீட்டருக்குப் பக்கம். விடியற்காலையில் கிளம்புகிறார். "வாரியம் வூடு குடுத்துச்சு, வேல அங்கியே நின்னுடுச்சு" என்றார்.

"இங்கேயே இவ்வளவு ஃபிளாட் இருக்கே, பக்கத்தில் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணகி நகர்னு சொன்னா வேணான்றாங்க மிஸ். துரைப்பாக்கம்னு சொல்லிப் பாத்தேன். ஆதார் கேட்டாங்க."

டீ டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

2019-இல் என் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் தேடினேன். ஒரு அம்மா வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன், சொன்னார். "சொல்லி அனுப்புறேன்" என்றேன். அவர் போனதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்து ஆட்களை இனி அனுப்ப வேண்டாம் என்றேன். அந்த அம்மாவின் முகம் நினைவில் இல்லை. வாசல் ஓரத்தில் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு நின்றது நினைவிருக்கிறது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

செப்டம்பர் 25

கடிதம் எழுதப் பழக்கினேன். அனுப்புநர், பெறுநர். ஐந்தாம் வகுப்புப் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு 'சென்னை' எழுதினான். கொம்பு சரியான இடத்தில் இருந்தது! மூன்று மாத உழைப்பு, அவனுடையது.

எட்டாம் வகுப்புப் பெண் கதவு எண், பிளாக் எண் எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினாள். "வேலைக்கு எழுதும்போது இங்க என்னா போடணும் மிஸ்?" என்றாள். பெருமையாக ஊர் பெயரைப் போடு என்று சொல்வது எனக்குச் சுலபம். கதவு சாத்தப்படுவது அவளுக்கு. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கடைசி வரிக்குப் போய் 600097 என்று எழுதினாள். என் வீட்டுக்கும் அதே பின்கோடுதான்.

செப்டம்பர் 27

எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் 2019-இல் நான் செய்ததை எழுதினேன். வேலைக்கு வருகிறவர்களை ஏரியா பார்த்துத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் சரி என்றார். இன்னொருவர், "பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு" என்கிறார். ஜூன் மாதம் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவர் நான்காவது மாடி. நாளை சாயங்காலம் நேரில் போய்ப் பேசப்போகிறேன்.