கேசுக்கு நல்லதும்மா

“அவர் வீட்டுக்கு வரலாமா சார்? சின்னப் பொண்ணு இருக்குல்ல, அதான் கேக்குறேன்.”

நான் வக்கீல். ஜாமீன் கிடைத்த அன்று மாலை என் கட்சிக்காரரின் மனைவி கேட்டது இவ்வளவுதான். “கேஸ் முடியுற வரைக்கும் அவங்க அண்ணன் வீட்டுல இருக்கட்டும்மா. கேசுக்கு அதான் நல்லது” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டார்.

கேசுக்கு அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும், சாட்சிகளைக் கலைக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி கிடையாது. அந்த வரியை நானாகச் சேர்த்தேன்.

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறையில் அவர் என்னிடம் பேசிய எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதாததை வைத்து நீங்களும் எதையும் ஊகிக்க வேண்டாம்.)

குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் போனில் வைத்திருந்ததாக வரும் இந்த வகை வழக்கில் புகார்தாரர் என்று யாரும் இருப்பதில்லை. போனில் இருந்த படங்கள் கூகுள் கணக்கில் ஏறியிருக்கின்றன. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்கள் என்று நிறுவனத்தின் மென்பொருள் கண்டுபிடித்ததும், காணாமல்போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இருக்கும் மையத்துக்குத் தகவல் போய்விடுகிறது. 2019இல் போட்ட ஒப்பந்தப்படி அங்கிருந்து டெல்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அப்புறம் சென்னை, கடைசியில் நம் மாவட்ட சைபர் கிரைம். குடும்பம் இன்றுவரை இதை நம்பவில்லை. வாய்க்கால் தகராறில் பங்காளிதான் மாட்டிவிட்டான் என்று அவருடைய அப்பா வாய்தாவுக்கு வாய்தா சொல்வார். பங்காளிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அந்த வாய்க்கால் எப்போதோ அவன் பக்கம் திரும்பியிருக்கும்.

கோர்ட்டில் நாங்கள் எடுத்த வாதம் எளிமையானது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்தவை தானாக இறங்கின. புது போன் வாங்கியபோது கடைப் பையன் எல்லா ஃபோல்டரையும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பில் போட்டுவிட்டான். நடக்கக்கூடியதுதான். நம்மில் பாதிப் பேர் போனில் என்னென்ன செட்டிங் போட்டிருக்கிறது என்று நமக்கே தெரியாது. ஆனால் கேமரா படங்களைப் போல வாட்ஸ்அப் ஃபோல்டர் தானாக பேக்கப்பில் சேராது. யாராவது ஒருவர் அதைத் தொட்டு ஆன் செய்ய வேண்டும். அது யார் என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

2024 ஜனவரியில் எங்களுக்கு நல்ல காலம் வந்ததுபோல இருந்தது. இப்படிப்பட்ட படங்களைத் தனியாக இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. மதுரைக் கிளைக்கு மனு தயார் செய்தேன். அது கரையேறுவதற்குள் செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. யாரோ அனுப்பிய லிங்கைத் தெரியாமல் திறந்து, அதிர்ச்சியில் உடனே மூடியவர்கூட அதைப் புகார் செய்யாவிட்டால் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்கிறது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. போதாததற்குக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 30ஆவது பிரிவு: கெட்ட எண்ணம் இருந்ததாகக் கோர்ட் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும்; இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யில் முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். இவருக்கு இருப்பது ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலம்.

இவ்வளவு பாரம் ஒருவர் தலைமேல் இருக்கும்போது அவர் பக்கம் நிற்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது வக்கீல். பார் ரூமில் ஒரு சீனியர், “இதையெல்லாம் எடுக்கணுமாய்யா?” என்றபோது 2010இல் வந்த முகமது ரஃபி வழக்கைச் சொன்னேன். கோயம்புத்தூரில் வழக்கறிஞர் சங்கம் இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று போட்ட தீர்மானத்திலிருந்து வந்த வழக்கு. அப்படிப்பட்ட தீர்மானமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சீனியர் வாயை மூடிக்கொண்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையோடு இருந்த நான்தான் அந்தம்மாவிடம் அப்படிச் சொன்னேன். ஜாமீன் அன்று தடயவியல் அறிக்கைகூட வரவில்லை. என் கையில் இருந்தது எஃப்ஐஆரும் அமெரிக்க மையத்திலிருந்து வந்த அறிக்கையும்தான். “அத நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா” என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் என் முகத்தைப் பார்த்திருப்பார். சட்டக் காரணம் மாதிரி ஒன்றைச் சொன்னதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126, புதியதில் 132. நான் அதை மீறவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை. ஆனால், சொல்லாமலே ஒன்றைத் தெரிவித்தேனோ? ஒன்றும் தெரியாமலேயே தெரிந்த மாதிரிக் காட்டினேன் என்றால் அது இன்னும் மோசம். இன்னொரு பக்கம் யோசித்தால், அந்தக் குழந்தைக்கு வக்கீல் யார்? பீஸ் கட்ட நகையை அடகு வைத்தது அந்தம்மா. அவருக்கு நான் ஒன்றுமே கடமைப்பட்டவன் இல்லையா? சட்டப்படி இல்லைதான்.

மூன்றாவது வாய்தாவில் கட்சிக்காரரே கேட்டார். “சார், நான் வீட்டுக்கு வரக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?”

“ஊர்ல பேச்சு அடங்கட்டும்னு சொன்னேன்.”

“கோர்ட் சொன்னதா அவ சொல்றா.”

நான் கேஸ் கட்டைப் பிரித்து எதையோ தேடினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வக்காலத்தை மாற்றிக்கொண்டு வேறு வக்கீலிடம் போயிருக்கலாம். போகவில்லை. அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதா, கையில் காசில்லை என்று எடுத்துக்கொள்வதா?

தடயவியல் அறிக்கை வந்துவிட்டது. படங்கள் வாட்ஸ்அப் ஃபோல்டரில் இருந்தன என்கிறது, எங்களுக்குச் சாதகம். அவற்றில் சில தனியாக இன்னொரு ஃபோல்டரிலும் இருந்தன என்கிறது. போன் மாற்றும்போது அப்படி ஆகும் என்று வாதாடலாம், வாதாடுவேன். அறிக்கை கொடுத்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யக் கேள்விகள் தயார். சந்தேகத்தின் பலனை வாங்கித் தரத் தெரியாதவன் இல்லை நான்.

ஆனால் 30ஆவது பிரிவு இருக்கும்போது நியாயமாக எங்களுக்கு வேண்டிய சாட்சி அந்தக் கடைப் பையன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஆபீசிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் கடை. போய் விசாரித்துவிட்டு வரட்டுமா என்று குமாஸ்தா ரொம்ப நாளாகக் கேட்கிறார். தெரியாத சாட்சியைக் கூப்பிடக்கூடாது, பாதகமாகச் சொல்லிவிட்டால் வழக்கு போய்விடும் என்று காரணம் சொல்கிறேன். விசாரித்துப் பார்த்தபின்தானே சார் தெரியும் என்கிறார் அவர். அதுவும் சரிதான். போன வாரமும் கேட்டார். குறுக்கு விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.