அரை கிலோ கோழியில் ஐந்து விதக் கறி: செய்து பார்த்த குறிப்புகள்

கறி வகைகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் இறைச்சியை மாற்றக் கூடாது. அதனால் ஐந்துக்கும் 500 கிராம் கோழி, அடி கனமான ஒரே பாத்திரம். தாய்லாந்து வகைக்கும் ஜப்பான் வகைக்கும் எலும்பில்லாத தொடைக்கறி, மற்றவற்றுக்கு எலும்போடு. மசாலாப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் மல்லியும் சீரகமும் திரும்பத் திரும்ப வரும். ருசியைப் பிரிப்பது அதைவிட வேறு ஒன்று: கிரேவிக்குக் கெட்டி எதிலிருந்து வருகிறது என்பது. வதங்கிய வெங்காயமா, அரைத்த தேங்காயா, பாலா, மாவா? அது தெரிந்துவிட்டால் எந்த இடத்தில் தீயைக் குறைக்க வேண்டும், எதை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

வெங்காயம் தக்காளி மசாலா (வட இந்திய வகை)

எண்ணெய் 60 மில்லி, பெரிய வெங்காயம் 250 கிராம், தக்காளி 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு முதலில் 1 டீஸ்பூன். எண்ணெயைப் பார்த்துப் பயந்து 2 டேபிள்ஸ்பூனாகக் குறைத்தால் வெங்காயம் சிவக்காது, அடிப்பிடிக்கும். முதலில் தாராளமாக ஊற்றிவிட்டு, கடைசியில் மேலே மிதப்பதைக் கரண்டியால் எடுத்துவிடுவது மேல்.

வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிதாக, ஒரே கனத்தில் நறுக்க வேண்டும். கனம் மாறினால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது வெளுத்தே இருக்கும். மிதமான தீயில் 18 முதல் 20 நிமிடம் ஆகும். ஐந்தே நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதியிருக்கும் செய்முறைகளை நம்ப வேண்டாம். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், ருசியும் லேசாக மாறும். பச்சை வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்து வதக்கினால் கசப்பு தட்டலாம். அரைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் துண்டுகளை 10 நிமிடம் வேகவைத்து, ஆறவைத்து அரைக்கலாம்.

இஞ்சி பூண்டு விழுது போட்டதும் அடியில் ஒட்டும். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டால் போதும். தூள்களை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் குழைத்துப் போட வேண்டும். காய்ந்த எண்ணெயில் நேராகத் தூவினால் மிளகாய்த்தூள் நொடிகளில் கருகிவிடும், அந்தக் கசப்பை எதைக் கொண்டும் மாற்ற முடியாது. பிறகு அரைத்த தக்காளி.

"எண்ணெய் பிரிந்து வரும் வரை" என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தில்தான். தக்காளியில் தண்ணீர் இருக்கும் வரை மசாலாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது; அதுவரை அது வேகிறதே தவிர வதங்குவதில்லை. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு ஏறி, பச்சை வாசனை போகும். இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். முதலில் பெரிய குமிழிகளோடு தளதளவென்ற சத்தம், பிறகு நெருக்கமான சின்னக் குமிழிகளோடு சரசரவென்று பொரியும் சத்தம். மசாலா பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். 8 முதல் 10 நிமிடம். இதற்கு முன்பே கோழியைப் போட்டால், அதுவும் தண்ணீர் விடுவதால், பச்சைத் தக்காளி வாசனை கடைசி வரை போகாது.

கோழியைப் போட்டு அதிகத் தீயில் 5 நிமிடம் பிரட்டி, 250 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி 25 நிமிடம் சிம்மில். இறக்கும்போது கரம் மசாலா அரை டீஸ்பூன், கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை) 1 டீஸ்பூன் உள்ளங்கையில் கசக்கி.

தக்காளியைப் பாதியாகக் குறைத்து 100 கிராம் தயிர் சேர்த்தும் செய்யலாம். தயிர் திரிவதற்குக் காரணம், புளிப்பும் சூடும் சேர்ந்து அதிலுள்ள புரதத்தைக் கட்டியாக்குவதுதான். கொழுப்பு நீக்காத தயிரில் 1 டீஸ்பூன் கடலை மாவை அடித்துக் கலந்து, தீயைக் குறைத்து ஊற்றி, கொதி வரும் வரை கையை எடுக்காமல் கிளறினால் திரியாது. கொதி வந்த பிறகு கவலையில்லை.

செட்டிநாட்டு வகை

இங்கே கெட்டி கொடுப்பது தேங்காயும் கசகசாவும் மல்லியும். வறுப்பதற்கு: மல்லி 2 டேபிள்ஸ்பூன், வரமிளகாய் 8, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1, சோம்பு 1, கசகசா 1 டீஸ்பூன், பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு 3, ஏலக்காய் 2, கல்பாசி ஒரு சின்ன இதழ், தேங்காய்த் துருவல் 4 டேபிள்ஸ்பூன். கல்பாசி அதிகமானால் குழம்பே மண் வாசனை அடிக்கும். இதில் தாராளம் கூடாது.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால், மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிவிடும். மல்லி முதலில், சிறு தீயில் 3, 4 நிமிடம். அடுத்து மிளகாய். பிறகு மிளகு, சீரகம், சோம்பு, பட்டை வகைகள் ஒரு நிமிடம். கசகசா வெடித்துத் தெறிக்கும், அதனால் கடைசியாக, அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே. தேங்காய் தனியாக. முதலில் காய்ந்தவற்றைத் தூளாக்கி, அப்புறம் தேங்காயும் தண்ணீரும் சேர்த்து அரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தண்ணீர் ஊற்றிவிட்டால் கசகசாவும் மல்லித் தோலும் நெருநெருவென்றே நிற்கும்.

நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு, தக்காளி ஒன்று. சின்ன வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்தால் போதும், சிவக்க வேண்டாம். பிறகு கோழியும் அரைத்த விழுதும்.

விழுது முழுவதையும் முதலிலேயே போட்டுச் செய்ததற்கும், முக்கால் பங்கை முதலிலும் கால் பங்கைக் கடைசி 5 நிமிடத்திலும் போட்டுச் செய்ததற்கும் நல்ல வித்தியாசம் தெரிகிறது. மிளகு, சோம்பின் வாசனை ஆவியோடு போய்விடக்கூடியது. அரை மணி நேரக் கொதியில் காரம் நிற்கும், மணம் நிற்காது. இரண்டாவது முறையே சரி. மிளகுக் காரம் வாயில் தாமதமாக ஏறும் என்பதால், ருசி பார்த்த உடனே காரம் போதவில்லை என்று தூள் சேர்க்கக் கூடாது. அரை நிமிடம் பொறுக்கலாம்.

இலங்கை வகை, வறுத்த தூளும் இரண்டு பாலும்

தூள்: மல்லி 2 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டேபிள்ஸ்பூன், பெருஞ்சீரகம் (சோம்பு) 1 டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன், கறுவாப்பட்டை 2 துண்டு, ஏலம் 3, கராம்பு 3, பச்சரிசி 1 டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, ரம்பை (நீளமான வாசனை இலை) ஒரு துண்டு. செட்டிநாட்டு வறுவல் மணம் வந்ததும் நின்றுவிடும். இது அதைத் தாண்டி, காபிக்கொட்டை நிறத்துக்குப் போக வேண்டும். புகை கிளம்பத் தொடங்கும் நொடிதான் எல்லை. காரத்துக்கான செத்தல் மிளகாயையும் (வரமிளகாய்) வெந்தயத்தையும் தனித்தனியாக வறுத்துச் சேர்ப்பது நல்லது. வெந்தயம் கறுத்தால் கசப்பு முழுச் சட்டிக்கும் பரவும். அரிசி ஏன் என்று தோன்றலாம்: மாவுச்சத்து குழம்புக்கு லேசான பிடிப்பைத் தரும், தூளும் அடியில் தங்காது. இந்த அளவில் வரும் தூளில் 2 டேபிள்ஸ்பூன் அரை கிலோவுக்குப் போதும், மிச்சம் புட்டியில்.

ஒரு கப் தேங்காய்ப்பூவுக்கு (துருவல்) முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதற்பால். அதே சக்கையில் ஒன்றரைக் கப் தண்ணீர் விட்டு இரண்டாம் பால். வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை வதக்கி, கோழியும் தூளும் உப்பும் பிரட்டி, இரண்டாம் பாலில் 25 நிமிடம் மூடாமல் வேக வேண்டும். முதற்பால் கடைசியில். 80 டிகிரியைத் தாண்டும்போது தேங்காய்ப்பாலின் புரதம் திரளத் தொடங்கும். பால் கொதித்துக்கொண்டே இருந்தால் துருவல் துருவலாகத் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். அதனால் ஊற்றிக் கிளறி, ஓரத்தில் குமிழி எட்டிப் பார்த்ததும் இறக்கிவிட வேண்டும். மூடவும் கூடாது. எலுமிச்சை பிழிவதென்றால் இறக்கி 5 நிமிடம் ஆறிய பிறகு.

தாய்லாந்துப் பச்சைக் கறி

இங்கே சட்டம் தலைகீழ். இதுவரை பால் திரியாமல் காத்தோம்; இதில் திரியவைத்தால்தான் கறி. பால் பிரிந்து வரும் எண்ணெயில்தான் விழுது வதங்குகிறது.

விழுதுக்கு: பச்சை மிளகாய் 10, எலுமிச்சைப்புல் 2 தண்டின் அடிப்பாகம் மட்டும், பேரரத்தை ஓர் அங்குலம், பூண்டு 5 பல், சின்ன வெங்காயம் 4, கொத்தமல்லி வேர் 3, வறுத்த மல்லி 1 டீஸ்பூன், சீரகம் அரை, வெள்ளை மிளகு அரை டீஸ்பூன், இறால் விழுது 1 டீஸ்பூன். நாட்டு மருந்துக் கடைச் சித்தரத்தை இதற்கு ஆகாது. அது வேறு கிழங்கு, காய்ந்தது, மருந்து வாசனை தூக்கும். பச்சைப் பேரரத்தை கிடைக்காவிட்டால் அரை அங்குலம் இஞ்சி போட்டு, அசல் மணம் வராது என்று ஒப்புக்கொண்டு சமைக்கலாம். எலுமிச்சைப்புல்லைக் குறுக்கே மெல்லிய வட்டங்களாக நறுக்காமல் மிக்ஸியில் போட்டால் நார் நாராக வாயில் மாட்டும்.

400 மில்லி டின்னைக் குலுக்காமல் திறந்து, மேலே நிற்கும் கெட்டிப்பால் 150 மில்லியை வாணலியில் எடுத்து, மிதத்துக்குச் சற்று மேலான தீயில் 5 முதல் 8 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் வற்றி, எண்ணெய் முத்து முத்தாக வரும். 15 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் டின்னைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பார்க்கலாம். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்க எமல்சிஃபையர் சேர்த்த பால் எவ்வளவு கொதித்தாலும் எளிதில் பிரியாது. அப்போது 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி வேலையை முடிக்க வேண்டியதுதான்.

விழுது 3 டேபிள்ஸ்பூன் போட்டு 3, 4 நிமிடம் வதக்கி, மெல்லிதாக நறுக்கிய கறி, மீதிப் பால், ஃபிஷ் சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெல்லம் 2 டீஸ்பூன். கருப்பட்டி போட்டால் பச்சை நிறம் அழுக்காகும். 8 நிமிடத்தில் கறி வெந்துவிடும். மேலும் கொதித்தால் நிறமும் மங்கும். உப்பு தனியாக வேண்டாம். கடைசியாகத் தாய்லாந்துத் துளசி. பூஜைத் துளசி வேறு ருசி. நம்மூரில் அதற்கு நெருங்கிய உறவு திருநீற்றுப்பச்சிலைதான், அணைத்த பிறகு ஒரு கைப்பிடி போட்டால் மணம் சரியாக அமைகிறது.

ஜப்பான் வகை

மெய்ஜி காலத்தில் (1868-1912) பிரிட்டன் வழியாக ஜப்பானுக்குப் போன கறி இது. கெட்டி கொடுப்பது வெண்ணெயும் மைதாவும். வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், சிறு தீயில் 15 நிமிடம் கிளறி இளம்பழுப்பு நிறம் வந்ததும் அணைத்து, கறித்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், கரம் மசாலா 1 டீஸ்பூன். மாவு கறுக்கக் கறுக்க மணம் கூடும், கெட்டியாக்கும் சக்தி குறையும். அதிகம் சிவந்துவிட்டால் 10 கிராம் மாவு கூடுதலாகத் தேவைப்படும்.

வெங்காயம் 300 கிராம் வதக்கி, கோழி, கேரட் 150, உருளைக்கிழங்கு 250 கிராம், தண்ணீர் 700 மில்லி, துருவிய அரை ஆப்பிள். 20 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கலவையை ஒரு கரண்டி சூடான சாற்றில் கரைத்து ஊற்ற வேண்டும். கொதிக்கும் சட்டியில் நேராகப் போட்டால் மேல்புறம் உடனே வெந்து, உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள்தான் கிடைக்கும். பிறகு 10 நிமிடம் சிம்மில். உப்பு இந்தக் கட்டத்தில்.

கெட்டியான கறி ஆறும்போது நீர்த்துப் போனால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். ஒன்று தேன்: அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். தேன் சேர்ப்பதென்றால் மாவுக் கலவைக்கு முன்பே போட்டு, ஆப்பிளோடு 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இன்னொன்று, வாயில் வைத்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் விடுவது. எச்சிலிலும் அதே நொதிதான்.

மறுநாள் இன்னும் ருசி என்று இரவு முழுக்க அடுப்பிலேயே விட்டுவிடுவது இந்த வகையில் குறிப்பாக ஆபத்து. கெட்டிக் கறி மெதுவாக ஆறும், நடுவில் காற்றுப் படாது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது போதும். அதன் வித்துகள் கொதியிலும் சாகாது என்பதால் "மூடும் முன் நன்றாகக் கொதித்ததே" என்ற சமாதானம் செல்லாது. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில். ஃப்ரீசருக்குப் போவதென்றால் உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துவிட வேண்டும், உருகிய பிறகு சக்கையாகிவிடும். திரும்பச் சூடாக்கும்போது 50 மில்லி தண்ணீர் விட்டு, அடியிலிருந்து கிளறிக்கொண்டே நடுப்பகுதி வரை கொதி வர வேண்டும்.