ஹாங்க் ஆரன் கையெழுத்துப் பந்தை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு

டர்பன்ல யார் வீட்லயாவது கையெழுத்து போட்ட பேஸ்பால் இருந்தா, மதிப்பு போடத் தூக்கிட்டு ஓடாதீங்க, முதல்ல இதைப் படிங்க. எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.

எங்க மாமா 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போனவர். நம்ம தென்னாப்பிரிக்கா ஜோசியா துக்வானே மாரத்தான்ல தங்கம் அடிச்ச கதையை சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். அங்கருந்து கொண்டு வந்த பந்து இது, ஹாங்க் ஆரன் கையெழுத்து போட்டது. 755 ஹோம் ரன் அடிச்ச அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், 2021 ஜனவரில போய்ச் சேர்ந்துட்டார். இப்ப மாமாவும் இல்ல. அத்தை பந்தை என் கைல குடுத்து "இன்ஷூரன்ஸ் போட்டு வைப்பா"ன்னுட்டாங்க.

இன்ஷூரன்ஸ்ல மதிப்புச் சான்று கேட்டாங்க. சரின்னு நகை, பழைய சாமான் எல்லாம் மதிப்பு போடுற ஒரு கடைக்குப் போனேன், பேர் வேண்டாம். கவுண்டர்ல இருந்த பையன் கைக்கு சானிடைசர் போட்டுக்கிட்டு அது காயறதுக்குள்ள பந்தைத் தூக்கிட்டான். நான் "ஏய் ஏய்"ங்கறதுக்குள்ள கட்டைவிரல் நேரா கையெழுத்து மேல. பால்பாயிண்ட் இங்க் ஆல்கஹால் பட்டா கரையும்ங்க. கடைசி எழுத்தோட வால் மட்டும் நீலமா இழுவிப் போச்சு, பாத்ததும் அழுகையே வந்துடுச்சு.

அதோட விட்டானா? நகை நிறுக்கிற தராசுல வச்சான், 145 கிராம். கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிப் பாத்துட்டு "அங்கிள், பந்து 156 கிராமுக்குக் குறையக்கூடாது, இது டூப்ளிகேட்"ங்கிறான். தம்பி, அது கிரிக்கெட் பந்துக்குப்பா! பேஸ்பால் 142லருந்து 149 கிராம்தான் இருக்கும்னு ஃபோன்ல எடுத்துக் காட்டினேன், அதுக்கும் மசியல, அப்படின்னா வாங்கின ரசீது எங்கேங்கிறான், மாமா என்ன கடையிலயா வாங்கினார்? உள்ள இருந்து மேனேஜர் வந்து வார்னிஷ் ஒரு கோட் அடிச்சுட்டா இங்க் அழியாதுன்னு யோசனை வேற. அந்தக் காலத்துல ஷெல்லாக்னு அரக்கு வார்னிஷ் அடிச்சு வச்ச பந்தெல்லாம் மஞ்சப் பூத்துப் போய் விலை இறங்கிக் கிடக்கு. எதையும் பூசாதீங்க, எதை வச்சும் துடைக்காதீங்க. இத்தனைக்கும் ஃபீஸ் வாங்கிட்டுத்தான் விட்டாங்க.

ரசீதுதான் இல்லையே, அதனால அத்தையை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய், பந்து வந்த கதையை சத்தியம் பண்ணி அஃபிடவிட் போட்டோம், அது சுலபமா முடிஞ்சுது. ஆனா அதுல இருக்கறது அத்தை சொன்னது மட்டும்தான், கையெழுத்து அசலான்னு அது சொல்லாது.

பந்து கொஞ்சம் சொல்லும். அந்தக் காலத்துப் பந்துல தோல் மேல சின்ன எழுத்துல லீக் தலைவர் பேர் அச்சடிச்சிருப்பாங்க. எங்க பந்துல லெனர்ட் கோல்மன். அவர் நேஷனல் லீக் (அமெரிக்காவோட ரெண்டு பெரிய பேஸ்பால் லீக்ல ஒண்ணு) தலைவரா இருந்தது 1994லருந்து 1999 வரைக்கும், மாமா போனது 96, கணக்கு சரியா வருது. இதே பந்துல பழைய ஆட்டக்காரர் பேப் ரூத் கையெழுத்து இருந்திருந்தா கதை கந்தல், அவர் 1948லயே போயிட்டார். அதுக்காக அச்சு சரியா இருக்கு, கையெழுத்தும் சரியாத்தான் இருக்கும்னு நம்பிடக்கூடாது. அமெரிக்காவுல எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்'னு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடிச்சப்ப அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால் எல்லாம் சிக்குச்சாம், அந்தம்மா எங்க பேஸ்பாலைக் கண்டாங்க!

அதனால அமெரிக்காவுல இருக்கற பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ மாதிரி கையெழுத்தைச் சோதிக்கிற இடம்தான் வழி. தபால்ல அனுப்ப மனசு வரல. அக்கா பையன் அமெரிக்கா போறப்ப கைப்பைலயே குடுத்து விட்டோம், திரும்பி வர்ற பொருள்னு கஸ்டம்ஸ்ல முன்னாடியே பதிஞ்சதால வரும்போது தொல்லை இல்ல. சோதிக்கிறவங்க அசல்ங்கற ஸ்டிக்கரைப் பந்து மேலயே ஒட்டுவாங்களா, லெட்டர்ல மட்டுமான்னு குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

அசல்னு லெட்டர் வந்துது. அதை எடுத்துட்டுப் போனா இன்ஷூரன்ஸ்ல "இதுல விலை எங்க?"ங்கிறாங்க! அசல்னு சொல்றது வேற, விலை சொல்றது வேறன்னு அங்கதான் விளங்குச்சு. ஏலத்துல இதே மாதிரி பந்து நிஜமா வித்த விலையைத் தேடி எடுத்து (விக்கறவன் கேக்குற விலை இல்ல, அது வாய்க்கு வந்தது) ராண்ட்ல கணக்குப் போட்டுக் குடுத்தப்புறம்தான் பாலிசி வந்துது. அதுலயும் முதல்ல 'கிரிக்கெட் பந்து – 1'னு அடிச்சிருந்தாங்க, திருத்தி வாங்கினேன்.

இப்ப பந்து யூவி தடுக்கிற அக்ரிலிக் பெட்டிக்குள்ள, அலமாரில இருட்டா இருக்கற தட்டுல இருக்கு. டர்பன் புழுக்கத்துல தோல் பூஞ்சை பிடிச்சுடும், அதனால பக்கத்துலயே சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் ஈரம் காட்டுற சின்ன மீட்டரும். 50 சதவீதத்துக்கு மேல ஏறினா பாக்கெட்டை மாத்திடறேன். அத்தைக்கு சாமி ரூம்ல மாமா படத்துக்கிட்ட வைக்கணும்னு ஆசை, ஆனா விளக்கு சூடு, சாம்பிராணிப் புகை, ஐயோ வேணாம்னுட்டேன்.

இன்னொண்ணு, யார் கைல குடுக்கறதுக்கு முன்னாடியும் தேதி தெரியற மாதிரி கிட்ட வச்சு போட்டோ எடுத்துடுங்க. கடைக்குப் போன அன்னைக்குக் காலைல எடுத்த போட்டோவுல அந்த வால் சுத்தமா இருக்கு. அதைக் காட்டினதும்தான் மேனேஜர் ஃபீஸை மறுபேச்சில்லாம திருப்பிக் குடுத்தார்.