நிற்க வைத்துப் பார்ப்பது: பாத அறுவை சிகிச்சை ஃபெல்லோஷிப் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

எலும்பியல் மேற்படிப்பு முடியும் வரை இடுப்பு, முழங்கால், முதுகெலும்பு என்றே ஓடிவிட்டது, பாதத்துக்குக் கிடைத்த நேரம் ரொம்பக் குறைவு. இத்தனைக்கும் ஒரு பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு. இரண்டு பாதத்தையும் சேர்த்தால் உடம்பின் 206 எலும்பில் நாலில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு வருஷ ஃபெல்லோஷிப்பில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். இனி இதற்கு வர நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

இங்கே ஓ.பி.யில் எக்ஸ்ரே கவரைப் பிரிப்பதற்கு முன்னால் ஆளை நிற்க வைக்க வேண்டும். இரண்டு காலும் முழங்கால் வரை தெரிய வேண்டும். முதலில் பின்னாலிருந்து பார்க்கிறோம்: குதிகால் நேராக நிற்கிறதா, வெளிப்பக்கம் சாய்கிறதா, பாதத்தின் வெளி ஓரத்தில் எத்தனை விரல் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் நடக்கச் சொல்கிறோம், கழற்றிப் போட்ட செருப்பைத் திருப்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

இன்று வந்த ஒரு ஆசிரியைக்கு வருஷக்கணக்காகக் கணுக்காலின் உட்பக்கம் வலி, போன இடமெல்லாம் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னோம். சுவரைப் பிடித்துக்கொண்டும் தூக்க முடியவில்லை. பாத வளைவைத் தாங்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாண் தளர்ந்துபோய் வளைவு இறங்கியிருக்கிறது. அரை நிமிஷப் பரிசோதனைதான், ஆனால் அதற்கு அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும், இத்தனை வருஷம் யாரும் எழுப்பவில்லை.

எக்ஸ்ரேவும் அப்படியே, நின்றபடி எடுத்தால்தான் சார் பார்ப்பார். படுக்க வைத்து எடுத்த படத்தில் பாதம் வேலையே செய்யவில்லை, அதில் வளைவையும் கோணத்தையும் அளந்து என்ன பயன்?

ஆகஸ்ட் 21

லிஸ்ஃப்ராங்க் காயம், அதாவது நடுப்பாத மூட்டு வரிசையில் படும் காயம். பைக்கிலிருந்து விழுந்த இளைஞர், முதலில் போன இடத்தில் எடுத்த படத்தில் முறிவு இல்லை என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். நடுப்பாதம் வீங்கியிருந்தது. சார் பாதத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார், உள்ளங்கால் நடுவில் கருநீலமாக ரத்தக்கட்டு. "இதைப் பார்த்துட்டா, இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் லிஸ்ஃப்ராங்க்தான்னு வெச்சுக்கோங்கம்மா" என்றார்.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு சர்ஜன் ஜாக் லிஸ்ஃப்ராங்க்கின் பெயர்தான் இந்த மூட்டு வரிசைக்கு. அவர் செய்தது இந்த மூட்டு வழியாகப் பாதத்தின் முன்பகுதியை வெட்டியெடுப்பது. இரண்டாவது மெட்டாடார்சலின் (விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு) அடி, கியூனிஃபார்ம் எலும்புகளுக்கு (நடுப்பாதத்தின் ஆப்பு வடிவ எலும்புகள்) நடுவில் பள்ளத்தில் சொருகி உட்கார்ந்திருக்கிறது. அதை உட்புறக் கியூனிஃபார்மோடு பிடித்திருப்பது ஒரே ஒரு பலமான லிகமென்ட், எலும்பை எலும்போடு கட்டும் நார். முதல் மெட்டாடார்சல் அடிக்கும் இரண்டாவதின் அடிக்கும் நடுவில் அப்படி எதுவும் கிடையாது, அதனால் அந்த ஒன்று அறுந்தால் பிடிமானமே போய்விடுகிறது.

வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு பாதத்தையும் ஒன்றாக நிற்க வைத்துப் படம் எடுத்தோம். படுத்த படத்தில் ஒட்டியிருந்த இடம் பாரம் ஏறியதும் விலகியது, 2 மில்லிமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே நல்ல பாதம் இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை தியேட்டர்.

செப்டம்பர் 9

இறந்தவர் உடலில் பழகும் கேடாவர் லேபில் முழு நாளும் தாலஸ், கணுக்கால் மூட்டில் குதிகால் எலும்புக்கு மேல் உட்காரும் எலும்பு. ஒரு தசையோ தசைநாணோ அதில் ஒட்டவில்லை, மேற்பரப்பில் சுமார் 60 சதவீதம் குருத்தெலும்பு, ரத்தக்குழாய் நுழைய மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். அதன் கழுத்து முறிந்து இடம் மாறினால் எலும்பு ஏன் செத்துப்போகிறது என்பதைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் வேறு வழியே இல்லை என்று புரிந்தது.

செப்டம்பர் 26

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருக்கிறது. உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தவர் என்றால் முதுகையும் தட்டிப் பார்க்காமல் விடக்கூடாது, இப்படி விழுகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பும் முறிந்திருக்கும் என்பது பழைய பாடம். இவருக்கு முதுகு நன்றாக இருந்தது. பக்கவாட்டுப் படத்தில் குதிகால் எலும்பின் உயரத்தைக் காட்டும் பேலர் கோணம் 20லிருந்து 40 டிகிரி இருக்க வேண்டும், இவருக்குத் தட்டையாகிவிட்டது. சி.டி.யில் பின்புற மூட்டுப் பரப்பு மூன்று துண்டு.

கால் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, அவ்வளவு வீக்கம். வெளிப்பக்கம் கொப்புளம். அவர் மனைவி தினமும் கேட்கிறார், "எப்போ டாக்டரம்மா ஆபரேஷன்? பக்கத்து பெட்காரருக்குத் தொடை எலும்பை மறுநாளே பண்ணிட்டாங்களே." நியாயமான கேள்வி. இன்று உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன்: தொடையில் எலும்புக்கு மேல் கை தடிமன் சதை இருக்கிறது, இங்கே தோல், அதற்கடியில் எலும்பு, அவ்வளவுதான். வீங்கிய தோலை வெட்டினால் தையல் சேராது, கருகும், உள்ளே போட்ட பிளேட் வெளியே தெரியும், அப்புறம் சீழ், கடைசியில் காலே போகிற நிலைமை வரலாம். தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைப்போம், அதற்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவர் தலையாட்டிவிட்டுக் கால் உயரமாக இருக்கத் தலையணையைச் சரிசெய்தார்.

காத்திருக்கக் கூடாத குதிகால் முறிவும் உண்டு. பின்பக்கத் துண்டு மேலே எழும்பிப் பின்புறத் தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டு நிற்கும், அதை அன்றைக்கே இறக்கிவிட வேண்டும், மறுநாள் என்றால் தோல் செத்துவிடும். ஒரே எலும்பு, அவசரமும் காத்திருப்பும் அதிலேயே. இதை அட்டவணையாக மனப்பாடம் செய்ய முடியவில்லை, ஒவ்வொரு காலையும் தொட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 8

கொத்தனாருக்குச் சுருக்கம் விழுந்துவிட்டது. பாதத்தை மேலே மடக்கினால் வெளிப்பக்கத் தோல் அழகாக மடிகிறது. பெரிய எல் வடிவ வெட்டு இல்லாமல் வெளிப்பக்கம் இருக்கும் சைனஸ் டார்சி என்ற பள்ளத்தின் வழியாகச் சின்ன வெட்டில் செய்தோம். அவர் பீடியையும் நிறுத்தியிருந்தார். தையல் இடம் இதுவரை காய்ந்தே இருக்கிறது.

நவம்பர் 3

ஆர்த்ராஸ்கோபி வாரம், அதாவது சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்வது. துளை போடுவதற்கு முன்னால் தோலில் கோடு போடுவதற்குத்தான் இங்கே அதிக நேரம். பாதத்தைக் கீழே இறக்கி உட்பக்கம் திருப்பி நாலாவது விரலை மடக்கினால், பல பேருக்குச் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல் நரம்பின் கிளை தோலுக்கடியில் கோடாகத் தெரியும். பேனாவால் அதன் மேல் கோடு போடு, அதைவிட்டு விலகித் துளை போடு. கணுக்கால் ஆர்த்ராஸ்கோபியில் அதிகம் அடிபடுவது இந்த நரம்புதான். கத்தி தோலை மட்டும் வெட்டும், அதற்குக் கீழே எல்லாம் மழுங்கிய கருவியால் விலக்குவதுதான்.

பின்பக்கத்திலிருந்து போகும்போது பெருவிரலை மடக்கும் தசைநாண் எல்லைக்கோடு. அதற்கு உட்பக்கம் போனால் ரத்தக்குழாயும் நரம்பும். பெருவிரலை ஆட்டச் சொல்லி, திரையில் அந்தத் தசைநாண் அசைவதைப் பார்க்கும் வரை சார் திசுவைச் செதுக்கும் ஷேவரை கையில் கொடுப்பதில்லை.

நவம்பர் 20

பிறவியிலேயே பாதம் உட்பக்கம் வளைந்த வளைபாதக் குழந்தைகள் கிளினிக். ஒரு காலத்தில் பெரிதாக வெட்டித் திறந்த பாதங்களை, அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி மாவுக்கட்டாலேயே திருப்பிக் காட்டினார். வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு, கடைசியில் குதிகால் நாணில் ஒரு சின்ன வெட்டு. கட்டைவிரல் தாலஸின் தலையில் இருக்க வேண்டும், அதை அச்சாக வைத்துப் பாதம் வெளியே திரும்ப வேண்டும். வெளி ஓரத்தில் கியூபாய்டு எலும்புப் பக்கம் அழுத்தினால் குதிகால் பூட்டிக்கொள்ளும். அறுவை சிகிச்சை கற்க வந்த இடத்தில் அறுவையைத் தவிர்க்கும் கையைப் பழகுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கட்டுகள் முடிந்ததும் பாதத்தைப் பிடித்து வைக்கப் போடும் பிரேஸ் விஷயத்தில்தான் கவலை. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்கும்போது நாலு வயது வரை. பாதம் நேராகிவிட்டதைப் பார்த்ததும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், பாதம் திரும்பவும் வளைந்து வருகிறது.

ஜனவரி 12

சார்கோ பாதம், உணர்வு போன பாதத்தில் எலும்பும் மூட்டும் இடிந்துபோகும் நோய். இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டும்.

பல வருஷமாகச் சர்க்கரை நோய் உள்ள பஸ் கண்டக்டர், இடது பாதம் சிவந்து சுடுகிறது, வலி பெரிதாக இல்லை, புண்ணும் இல்லை. கிருமி என்று நினைத்து வெளியே ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார்கள். காலைக் கொஞ்ச நேரம் உயரத் தூக்கி வைத்தோம், சிவப்பு மங்கியது. கிருமியாக இருந்தால் இப்படிச் சட்டென்று குறையாது. தோல் வெப்பமானியில் மற்ற பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகம். 10 கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தினால் எங்கேயும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், அதை நம்பி நடக்க விட்டால் அடுத்த படத்தில் நடுப்பாதம் இடிந்து கிடக்கும்.

ஷான் மார்டின் சார்கோ 1868இல் இதை விவரித்தபோது அது சிஃபிலிஸில் தண்டுவடம் கெட்டவர்களின் மூட்டு. சர்க்கரை நோயோடு சேர்த்து எழுதியது 1936இல் ஜோர்டன். இதற்கு இன்றும் முதல் சிகிச்சை பாதத்தோடு முழுக்க ஒட்டிய மாவுக்கட்டு. 1930களில் இலங்கையில் மில்ராய் பால் உணர்வற்ற பாதப் புண்களுக்குக் கட்டுப் போட்டு நடக்க வைத்தார். வேலூரில் தொழுநோயாளிகளிடம் பால் பிராண்ட் அதை வளர்த்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால்தான் காயப்பட்டுத் தேய்கின்றன என்று நிறுவியதில் பிராண்டுக்குப் பெரிய பங்கு. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோய்ப் பாதத்துக்குச் செய்வதில் பெரும்பகுதி அங்கே தொடங்கியது என்பதை நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் ஆதங்கம் உண்டு.

கட்டுப் போடும் வேலையை எங்கள் பிளாஸ்டர் டெக்னீஷியன் அண்ணனிடம்தான் கற்கிறேன். விரல்களுக்கு நடுவில் பஞ்சு, கணுக்கால் எலும்பு இரண்டின் மேலும் முன்னங்கால் எலும்பின் முகட்டிலும் ஃபெல்ட் பட்டை, விரல்களை மூடி ஸ்பாஞ்ச், மற்ற இடத்தில் மெல்லிய உறை மட்டும். பஞ்சை நிறைய வைத்தால் அது அமுங்கிப் பாதம் உள்ளே உருளும், புதுப்புண் வரும். பாதம் செங்கோணத்தில். முதல் சுற்றை ஈரமாகவே உள்ளங்கையால் நீவி, வளைவுக்குள் படிய வைக்க வேண்டும், விரல் நுனி படவே கூடாது. "விரல் பட்ட பள்ளம் அப்படியே காய்ஞ்சு புண்ணாக்கும் டாக்டர், அவருக்குத் தெரியாது, நாமதான் தெரிஞ்சுக்கணும்" என்றார். நான் இறுகும் வரை அசையாமல் பிடித்திருந்தேன், சூடு உள்ளங்கையில் ஏறியது, நோயாளிக்கு அந்தச் சூடும் தெரியவில்லை, வேலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்ததும் கட்டு லூஸாகும், அதனால் இரண்டு மூன்று நாளிலேயே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 17

பெருவிரல் வளைந்த ஒரு இளம்பெண். கோணம் 15 டிகிரிக்கு மேல் போனால் ஹாலக்ஸ் வால்கஸ். இவருக்கு லேசாகத்தான் தாண்டியிருக்கிறது, வலி இல்லை, ஹீல்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரிகிறதாம். சார் அறுவை வேண்டாம் என்றார். அறுத்த பிறகு வீக்கம் வடியவே மாதக்கணக்காகும், விரல் விறைக்கலாம், வளைவு திரும்பியும் வரலாம், வலியே இல்லாத பாதத்துக்கு வலியைக் கொடுத்தால் எடுக்க முடியாது. அந்தப் பெண் முகம் வாடித்தான் போனார். ஆனாலும் எனக்கு அந்த முடிவு சரியென்று படுகிறது.

ஏப்ரல் 6

கண்டக்டரின் பாதம் ஆறிக்கொண்டு வருகிறது, இரண்டு பாதத்துக்கும் வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள். வளைவு இடியவில்லை. இன்னும் சில வாரம் கட்டு, பிறகு அச்செடுத்த காலணி.

இன்னொரு நல்ல செய்தி. தாலஸ் கழுத்து முறிந்து நாங்கள் ஸ்க்ரூ போட்டவருக்கு எட்டாவது வாரப் படம் வந்தது, தாலஸின் மேல்முகட்டில் குருத்தெலும்புக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு. ஹாக்கின்ஸ் 1970இல் சொன்ன அறிகுறி இது: ரத்தம் ஓடினால்தான் எலும்பு கரையும், கரைந்தால்தான் கோடு தெரியும். எலும்பு மெலிவதைப் பார்த்து இத்தனை பேர் சந்தோஷப்பட்டு இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 18

அடுத்த பேட்ச்சுக்கு விண்ணப்பிக்கும் இரண்டு பேர் எந்த யூனிட் நல்லது என்று கேட்டார்கள். எத்தனை கேஸ் என்று மட்டும் விசாரிக்காதீர்கள் என்றேன். நின்றபடி படம் எடுக்க மேடை இருக்கிறதா, சர்க்கரை நோய்ப் பாதத்துக்குத் தனி ஓ.பி. நாள் உண்டா, பிளாஸ்டர் ரூமில் அனுபவமுள்ள ஆள் இருக்கிறாரா, காலணி செய்கிறவர் அதே கட்டடத்தில் உட்காருகிறாரா, கட்டு மாற்ற வரும் நோயாளியை ஃபெல்லோ பார்க்கிறாரா இல்லை ஜூனியரிடம் போய்விடுகிறாரா, இதையெல்லாம் கேளுங்கள். தியேட்டரில் கை பழகுவது எல்லா இடத்திலும் கொஞ்சமாவது நடக்கும், இவை இல்லாத இடத்தில் யாரை அறுக்க வேண்டும், எப்போது என்பது பழகாது.

நாளை இரண்டு கேஸ்: ஒன்று ஆகஸ்டில் பார்த்த அந்த ஆசிரியை, இன்னொன்று அவரைப் போலவே வளைவு இறங்கி மூட்டும் தேய்ந்துவிட்ட ஒரு பெரியவருக்கு ட்ரிபிள் ஃப்யூஷன். ஆசிரியைக்கு மூட்டு இன்னும் அசைகிறது, அதனால் தசைநாண் மாற்றி குதிகால் எலும்பை உட்பக்கம் நகர்த்தினால் போதும். பெரியவருக்கு மூன்று மூட்டையும் சேர்க்க வேண்டும், குதிகால் 5 டிகிரி வெளிச்சாய்வில் நிற்க வேண்டும், உட்பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் வெளி ஓரத்திலேயே நடந்து அவதிப்படுவார். இரண்டு பேரின் நின்ற படத்திலும் கோடு போட்டு முடித்துவிட்டேன், காலையில் சாரிடம் காட்ட வேண்டும்.