சூரைச்செடியின் கீழ்: துக்க வீட்டுச் சந்திப்பு நாட்குறிப்பு

அக்டோபர் 12

முதல் வாரம் துக்க வீட்டுக்குச் சபையிலிருந்து இருவராகப் போவது நல்லது. ஒருவர் பெண்ணாக இருந்தால் அடுக்களை வரை போகலாம். அடுப்பு எரிந்ததா, மாத்திரை டப்பா திறக்காமல் கிடக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பிரஷர், சுகர் மாத்திரையை நாலு நாள் மறந்துவிட்டு, அடக்கம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் உண்டு.

1 இராஜாக்கள் 19-இல், சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம். மறுபடியும் அடை, தண்ணீர். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் அடுத்த வேலை சொல்லப்படுகிறது. அந்த வரிசையை நாம் மாற்ற வேண்டாம்.

ஒரு பிளாஸ்க் கஞ்சி, கொஞ்சம் துவையல். பிரியாணிப் பொட்டலம் தொண்டையில் இறங்காது. இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஒரு சிறிய சங்கீதம், இரண்டு நிமிட ஜெபம். ஜெபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். "இந்தக் குடும்பத்தை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், வீட்டார் காதில் அது யாருக்கோ பண்ணுகிற ஜெபமாகத்தான் விழும்.

அக்டோபர் 15

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." இது பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு தன் வாயால் சொன்னது. பார்க்க வந்தவர்கள் யோபுவிடம் சொன்னது அல்ல. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டுப்போனது.

ரோமர் 8:28-உம் அப்படியே. சகலமும் நன்மைக்கு என்பது விசுவாசி நடந்துபோய்ச் சேருகிற இடம்; பிள்ளையைப் புதைத்த மறுநாள் பெற்றவளிடம் அதைச் சொன்னால் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் ஐயா?" என்று கேட்டால், "தெரியலைம்மா" என்பதே நேர்மையான பதில். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல நாம் யார்?

அக்டோபர் 24

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் விழுந்தது 1931-இல், இதே அக்டோபர் மாதம். களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தம் அறையிலேயே இருந்தார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதுவது நோயாளியைத் தொடுவதில்லை என்று கண்டு, படுக்கையிலிருந்தபடியே நோயாளிகளுக்காக எழுதினார். வலி நின்ற பிறகு தொடங்கிய வேலை இல்லை இது. சந்திப்புக் குழுவுக்கு ஆள் சேர்க்கும்போதும் இதை யோசிக்கலாம்: நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிட, பல மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தவர் துக்க வீட்டில் சரியாக உட்காருவார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியதும் கிளம்பிவிடாமல், குடும்பமாக ஒரு புலம்பல் எழுதலாம். மாதிரிக்கு 13-ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம். முதல் இரண்டில் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, அவரவர் பேச்சிலேயே. "ஆஸ்பத்திரியில ஒம்பது நாள் ஜெபிச்சோமே, கேட்கலையா?" என்று வந்தால் அப்படியே எழுதட்டும்.

மூன்றாம் பகுதி வராவிட்டால் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை வரியைக் கட்டாயப்படுத்தி எழுத வைத்தால் அது ஒப்பிப்பாகிவிடும், பிறகு தாளை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

நவம்பர் 9

காகிதம். இறப்பைப் பதிய 21 நாள், கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருடம் கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று என்பது நம் ஊர்களில் சகஜம். பின்னால் வங்கியிலும் வாரிசுச் சான்றிதழிலும் இதுதான் இடறும். தாலுகா ஆபீசுக்குக் கூடப் போகிற ஒருவர் மூன்று ஆறுதல் கூட்டத்துக்குச் சமம்.

நவம்பர் 20

"நானும் அவர்கூடவே போயிடுறேன்" என்பதைப் புலம்பல் என்று விட்டுவிடக் கூடாது. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஜெபம் அதற்கு மாற்று இல்லை.

தற்கொலை நடந்த வீட்டில் மோட்சம், நரகம் பேச்சே வேண்டாம்.

டிசம்பர் 6

இறப்புக்குப் பின் வரும் முதல் கிறிஸ்துமஸ். ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். முறுக்கும் அதிரசமும் உறவுக்காரர் கொண்டுபோவது பழக்கம். உறவு இல்லாத வீட்டுக்குச் சபை கொண்டுபோகட்டும். கேரல் குழு டிரம்மோடு வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் வரச் சொல்வார்கள். கேட்காமலே தாண்டிப் போவதும் காயம்தான்.

முதல் மூன்று நாள் வீடு கொள்ளாத கூட்டம், நான்காம் வாரம் ஒருவருமில்லை. அதனால் குழு நோட்டில் முப்பதாம் நாள், மூன்றாம் மாதம், கல்யாண நாள், பிறந்தநாள், வருஷம் திரும்பும் நாள் எல்லாம் முன்கூட்டியே குறித்து, எதிரே போகிறவர் பெயரையும் எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 11

இனி, துக்கத்தில் இருப்பவருக்குச் சபையில் வேலை கொடுப்பது பற்றி. 2 கொரிந்தியர் 1:4 சொல்வது, ஆறுதல் பெற்றவர் அதே ஆறுதலால் மற்றவரைத் தேற்றுவது. பெறுவதற்கு முன்பே கொடுக்கச் சொல்வதுதான் சபைகளில் நடக்கிற தவறு. ஒரு வருடத்துக்குள் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். "ஜெயித்துவிட்டேன்" என்று எல்லார் முன்பும் சொன்னவர், அடுத்த வாரம் எங்கே போய் அழுவார்?

நான்காம் மாதத்துக்கு மேல் சின்ன வேலையாக, முடிவுத் தேதியோடு கொடுக்கலாம். எட்டு வாரம் ஓய்வுநாள் பாடசாலைக்கு நோட்டு திருத்துவது, படுத்திருக்கும் ஒரு பாட்டிக்குச் செவ்வாய் மட்டும் மதியச் சோறு. முடிந்ததும், "போதுமா, தொடரட்டுமா?" என்று கேட்க வேண்டும். போதும் என்றால் முகம் சுளிக்கக் கூடாது.

நினைவுக் காணிக்கை கொடுக்க விரும்புகிறவர்கள் ஃபேன் இறக்கையில் பெயர் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அதைக்கொண்டு வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரியை 1902-இல் திறந்தார். அவ்வளவு பணம் இல்லாத வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறந்தவர் எதற்காக அலைந்தார்? டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் போய்வந்தவர் என்றால், அதே பாதையில் போகிற இன்னொருவருக்கு ஒரு மாத ஆட்டோச் செலவு.