நின்றுபோன கின்க்

என் மாணவி கணினியில் கணித்து வரைந்த ஒரு வரைபடத்தை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு நான் சொன்ன காரணம் சரியா என்றால், தயக்கம் வந்துவிடுகிறது.

சைன்-கோர்டன் என்னும் அலைச் சமன்பாட்டின் கின்க், அதாவது துண்டுபடாத தொடர்வெளியில் வடிவம் குலையாமல் ஒரே வேகத்தில் செல்ல வேண்டிய தனியலை, அவர் கணிப்பில் போகப் போகத் தளர்ந்து, பின்னால் சிற்றலைகளை உதிர்த்து, கடைசியில் கணக்கிடுவதற்காக வெளியைப் புள்ளிகளாகப் பிரித்த கிரிட்டில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடி அங்கேயே அடங்கியிருந்தது. நிரலில் பிழை இல்லை. தொடர்வெளியில் கின்க் எங்கே நின்றாலும் ஆற்றல் ஒன்றே. அடுத்தடுத்த புள்ளிகளின் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடும் வழக்கமான முறையில் அதன் மையம் ஒரு புள்ளியின் மேல் அமர்ந்தால் ஆற்றல் கூடுகிறது, இரு புள்ளிகளுக்கு இடையில் குறைகிறது. பையர்ல்ஸ்–நபாரோ தடை எனப்படும் இந்த மேடுபள்ளம், கிரிட் இடைவெளி கின்க்கின் அகலத்தை நெருங்கும்போதுதான் தலைகாட்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் தடை பாதியாவதில்லை, அடுக்குக்குறி விதிப்படி ஏறக்குறைய மறைந்தே போகிறது.

ஆகவே, இடைவெளியைக் குறையுங்கள், இல்லையென்றால் சமன்பாட்டைக் கிரிட்டில் வேறு விதமாக எழுத ஸ்பைட்டும் வார்டும் 1994இல் முன்வைத்த முறைக்கு மாறுங்கள், அதில் இந்தத் தடையே கிடையாது என்றேன். மாணவி சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "சார், கின்க் நிக்கக் கூடாதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். நிக்காத முறையாத் தேடி எடுத்துட்டு, நிக்கலைன்னு எழுதினா அது முடிவா?"

நாம் தீர்ப்பது தொடர்ச்சமன்பாடு, கிரிட் நம் வசதிக்காகப் போட்டது என்று பதில் சொன்னேன். எங்கள் வேலை நீண்ட ஜோசப்சன் சந்தியைப் பற்றியது, அதாவது மெல்லிய தடுப்பின் இருபுறமும் மீகடத்திகள் தொடர்ச்சியாக நீளும் அமைப்பைப் பற்றியது என்பதால் அந்தப் பதில் பொருந்தும். ஆனால் சிறு சந்திகளை வரிசையாக இணைத்த அமைப்பு என்றால், அவர் நீக்கிய வரைபடமே உண்மையாகிவிடும். அங்கே புள்ளிகள் பொருளாகவே இருக்கின்றன. 1938இல் ஃபிரெங்கெலும் கொண்டரோவாவும் எழுதிய அணுச்சங்கிலியிலும் இடைவெளி யாருடைய வசதியும் அல்ல. சமன்பாடு அதே வரிதான். இடைவெளி யாருடையது என்பதைப் பொறுத்து ஒரே படம் பிழையாகவும் கண்டுபிடிப்பாகவும் மாறுகிறது.

வழக்கமான முறை மட்டும் நடுநிலையானதா என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வதுண்டு. இடைவெளி பூச்சியத்தை நெருங்கும்போது இரண்டு முறைகளும் ஒரே சமன்பாட்டுக்குத்தான் வந்துசேர்கின்றன. எளிமையாக எழுத முடிவதாலேயே ஒன்று கூடுதல் நேர்மையானதாகிவிடாது. அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனாலும் அவர் கேட்டது முறைகளின் தகுதியை அல்ல, நான் ஒன்றைத் தேர்ந்த விதத்தை.

ஸ்பைட்–வார்டு முறையிலும் வேகமாகச் செல்லும் கின்க் சிற்றலைகளை உதிர்த்து மெதுவாகத் தளர்கிறது. அதையும் அவர் வரைந்து கொண்டுவந்தார். கிரிட்டின் விளைவு என்று ஒரு வரி சேர்த்து, அந்தப் படத்தை அறிக்கையில் இருக்க விட்டேன். இதை ஏன் விட்டீர்கள், அதை ஏன் எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இந்தத் தளர்ச்சி சிறியது என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இருந்திருக்காது.