மண்டபத்து வீட்டில் ஒரு காக்டெயில் மாலை

சென்ற சனிக்கிழமை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நண்பர்கள் 8 பேருக்கு ஒரு காக்டெயில் விருந்து வைத்தேன். தலைக்கு இரண்டு கோப்பை போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டதால், ஒரு கோப்பைக்கு 45 மி.லி. வீதம் 750 மி.லி. ரம் ஒரு பாட்டிலே 16 கோப்பைகளுக்குச் சரியாக வந்தது.

ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை மூன்றும் சேர்ந்த டைக்கிரி கியூபாவில் பிறந்த பானம். சர்க்கரைக்குப் பதிலாக, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைச் சம அளவு நீரில் காய்ச்சி வடிகட்டிய பாகை 20 மி.லி. ஊற்றி, அதே அளவு சாறும் சேர்த்துப் பனிக்கட்டியுடன் குலுக்கியபோது, பனைமணமும் ரம்மின் மணமும் ஒன்றோடொன்று இழைந்த விதம் என்னை நெகிழச் செய்தது. கோப்பையின் விளிம்பில் உப்போடு தடவியது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயின் தூள்.

பனிக்கட்டியில் மட்டும் அலட்சியம் கூடாது. மீனுக்கு வாங்கும் பாளம் பானத்துக்கு ஆகாது என்பதால், சுத்திகரித்த நீரை இரண்டு நாள் முன்பிருந்தே உறையவைத்து, தலைக்கு அரைக்கிலோ சேர்த்தேன்.

கடிக்கக் கணவாய் வறுவல் இருந்தது. இந்த 8 பேரைத் தவிர வந்திருந்த, குடிக்காத இருவருக்கு நன்னாரி சர்பத்தை அதே கண்ணாடிக் கோப்பைகளில், அதே அக்கறையோடு கலந்து கொடுத்தேன். அவர்களே இரவில் மற்றவர்களைக் காரில் வீடு சேர்த்தார்கள்.